மடி உதறும் நேரம்

பொறாமைக்கு ஊரும் கிடையாது, பேச்சு வழக்கும் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிருபாராணியின் பொறாமை சுத்தமான மன்னார்த் தமிழில்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"அவளுக்கெண்டா புளிச்சோறு. எனக்கெண்டா நேற்றையான் புட்டு."

"நேற்றையான் இல்லையடி. விடியத்தான் அவிச்சனான்" என்றாள் தாய் தவமணி, அடுப்பை விட்டுத் திரும்பாமலே.

"அப்ப எனக்கும் புளிச்சோறு கட்டன்."

"ரெண்டு பேற்ற டிபன் பாக்ஸிலயும் ஒரே சாப்பாடு இருந்தா அந்தப் பொம்பிளையள் சும்மா விடுவினமோ? விசர்க் கதை கதையாத."

மூன்று மாதமாகத் தவமணியின் வீட்டில் இரண்டு சமையல். விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சிலமலையைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் அகதிகள் முகாமில் ஒரே ஓட்டு வீட்டில் பிறந்து வளர்ந்த அக்காளும் தங்கையும், போடியில் ஐசக் முதலாளியின் ஏலக்காய்க் கடையில் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து காய் பொறுக்குகிறார்கள். ஆனால் கடையில் அவர்கள் அக்காள் தங்கை இல்லை. கிருபாராணி முகாமிலிருந்து வருகிற சிலோன்காரி. தங்கை நிரோஜா, பெயரிலிருந்த 'நி'யை முகாம் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, சிலமலை ரோஜாவாக வேலைக்குச் சேர்ந்தவள்.

பிறந்து வளர்ந்தவர்கள் என்று சொன்னது பாதிதான் சரி. கிருபா பிறந்தது அக்கரையில். எட்டு வயதில் படகேறி வந்தாள். நிரோஜா தாயின் வயிற்றுக்குள் இருந்தபடி சும்மா வந்தவள். தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஈர மணலில் இறங்கி, போலீஸ்காரர் கேட்ட கேள்விக்கெல்லாம் தாய்க்குப் பதிலாகப் பதில் சொன்னது கிருபாதான். அப்போது படிந்த பேச்சு அவளுடைய நாக்கை விட்டுப் போகவே இல்லை.

நிரோஜாவின் நாக்கு வேறு மாதிரி. ஒன்பதாம் வகுப்பில் ஒரு தோழி தன் வீட்டுக் கொலுவுக்குக் கூப்பிட்டாள். போனால் தோழியின் தாய் வாசலிலேயே மறித்து, "முகாம் புள்ளையா? நீ அங்ஙனயே நில்லுத்தா, சுண்டல் கொண்டாரச் சொல்றேன்" என்றாள். அன்று சாயங்காலம் நிரோஜா கண்ணாடித் துண்டுக்கு முன்னால் நின்று, "வெரசா, வெரசா, சோலி, சோலி, வர்றேன், வர்றேன்" என்று உருப்போட்டாள். கிருபா விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது சிரிப்பு வருவதில்லை.

"அக்கா, உன்ர கறுத்தக் குடையைத் தாவன்" என்று நிரோஜா தலையைப் பின்னிக்கொண்டே கேட்டாள்.

"ஏன், எனக்கு மழை பெய்யாதோ?"

"குடு பிள்ளை" என்றாள் தவமணி. "நீ வாசல்ல பஸ் ஏறுறனி. அவள் சிலமலை மட்டும் நடக்கோணும்."

"நடக்கச் சொன்னது நானோ?"

முகாம் நிறுத்தத்தில் ஏறினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நிரோஜா தினமும் வயல் வழியாக நடந்து போய்ச் சிலமலை நிறுத்தத்தில் ஏறுவாள். பெயிண்ட் வேலைக்குத் திருப்பூர் போய்விட்ட அப்பா போனில் இதைக் கேட்டபோது, "கெட்டிக்காரி" என்றாராம். கிருபாவை அவர் அப்படிச் சொன்னதாக ஞாபகமே இல்லை.

குடை தங்கையின் கைக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று கிருபாவுக்கே தெரியாது. எல்லாமே அப்படித்தான் போகின்றன.

போன வாரம் மலையே போய்விட்டது. முதலாளியின் மனைவி ஜெயபாக்கியம், துணைக்கு ஒரு பிள்ளை வேண்டுமென்று ரோஜாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு அப்பால் இருக்கும் தங்கள் தோட்டத்துக்குப் போய் வந்தாள். செக்போஸ்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகாம் ஆள் என்று தெரிந்திருந்தால், அனுமதி இல்லாமல் எப்படிக் கேரள எல்லை தாண்டினாய் என்று விசாரணையில் இழுத்திருப்பார்கள். வேலையும் போயிருக்கும். நிரோஜா அதையெல்லாம் நினைத்துப் பயப்படாமல், பாயில் படுத்துக்கொண்டு மேகத்தைப் பற்றியும் அங்கே குடித்த சாயாவைப் பற்றியும் கதை கதையாகச் சொன்னாள்.

"மேல நிண்டு பாத்தா எங்கட முகாம் தெரியுதக்கா. தீப்பெட்டி அடுக்கின மாதிரி."

கிருபா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எட்டு வயதிலிருந்து அந்த மலையைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவள் அவள். தினமும் அந்த மலையின் காயைத்தான் விரலால் அளைகிறாள். நேற்று முளைத்த இவள் மேலே ஏறி நின்று குனிந்து பார்த்துவிட்டு வந்து தீப்பெட்டி என்கிறாள்!

"கெதியா வெளிக்கிடுங்கோ ரெண்டு பேரும்" என்று தவமணி விரட்டினாள்.

அன்று சனிக்கிழமை. பஸ் சிலமலையில் நின்றபோது நிரோஜா ஏறினாள். மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்தாள். அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். இருந்தாலும் இவ்வளவு சுலபமாகப் பார்க்காமல் இருக்க முடியுமா என்று கிருபாவுக்கு வயிறு எரிந்தது.

கடையில் அன்று ஒரே சலசலப்பு. பெண்களை மேய்க்கிற குருவம்மாள் வரவில்லை. தேவாரத்தில் அவளுடைய தோட்டத்துக்குள் யானை இறங்கி வாழையை மிதித்துப்போட்டுவிட்டதாம்.

"வாழைய மிதிச்சதோட போச்சே, இவளையும் ஒரு மிதி மிதிச்சிருந்தா நமக்கு நிம்மதி" என்றாள் சந்திரவல்லி. கடையில் வாய்க்கு வரி கட்டாத ஆள் அவள்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜெயபாக்கியம் உள்ளே வந்ததும் சிரிப்பு அடங்கியது.

"குருவம்மா வர்ற வரைக்கும் ரோஜா பாத்துக்கிடட்டும்" என்றாள் அவள். "சின்னப் புள்ளைன்னு பாக்காதீக. நாணயமான புள்ள. சாயங்காலம் மடியும் அவளே பாக்கட்டும்."

மடி பார்ப்பது என்றால் இதுதான். வேலை முடிந்து வாசலுக்கு வரும்போது ஒவ்வொருத்தியும் நின்று மடியை உதறிக் காட்ட வேண்டும். சேலை மடிப்பில் காய் ஒட்டிக்கொள்ளும். சில சமயம் ஒட்டிக்கொள்ளாததும் இருக்கும். ஊர்ப் பெண்கள் தாங்களே உதறிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். முகாம்காரிக்கு மட்டும் குருவம்மாள் தன் கையாலேயே, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக இடுப்பைத் தடவிப் பார்ப்பாள். ஆறு வருஷமாக. முன்பு முகாமிலிருந்து வேறு இரண்டு பெண்கள் வந்தார்கள். இந்தத் தடவலுக்காகவே அவர்கள் நின்றுவிட்டார்கள். இப்போது மிச்சம் கிருபா ஒருத்திதான்.

ஆறு வருஷம்! நேற்று வந்தவளுக்கு அதிகாரம். முறத்தில் கிடந்த காய்கள் கிருபாவின் கண்ணுக்கு ஒரே பச்சைக் கலங்கலாகத் தெரிந்தன.

"ரோசாக்கு வந்த வாழ்வப் பாரு" என்று சந்திரவல்லி கிருபாவின் விலாவில் இடித்தாள். "ஏ சிலோனு, என்ன மூஞ்சி கருத்துப்போச்சு? ஒனக்குக் குடுப்பாகன்னு நெனச்சியா?"

"நான் ஏன் நினைக்கிறன்?"

"நெனக்கிறேன்னு சொல்லு. நெனக்கிறனாம்ல!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரோஜாவும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயம் கிருபாவுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் எரிந்தது.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் தேங்காய்ச் சம்பலின் வாசனை கூடமெல்லாம் பரவியது.

"ஆரம்பிச்சுட்டாளா! தெனமும் தேங்கா, தெனமும் தேங்கா" என்று சந்திரவல்லி மூக்கைப் பொத்தினாள். "ரோசா, நீ ஒரு வாய் தின்னு பாக்குறியா?"

நிரோஜாவுக்குச் சம்பல் என்றால் உயிர். சட்டியை வழித்து நக்குகிறவள். காலையில் தாய் அரைக்கும்போதே ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டுதான் புறப்பட்டிருந்தாள்.

"அய்ய, எனக்கு வேணாம்த்தா" என்றாள் ரோஜா. "அந்த வாடையே எனக்கு ஆகாது."

கிருபா வாயில் வைத்த புட்டு இறங்கவில்லை. தண்ணீர் குடித்து இறக்கினாள். அந்த நேரம் பார்த்து ஜெயபாக்கியம் வந்து ரோஜாவின் தலையைத் தடவினாள்.

"ஏன் புள்ள, தெனமும் பஸ்சுல அலையுற? எங்க மாடி ரூம்பு சும்மாத்தான் கெடக்கு. வந்து தங்கிக்கிட வேண்டியதுதான?"

"வீட்ல அம்மா தனியா இருக்கும்மா" என்றாள் ரோஜா.

தனியாகவா? அப்படியானால் நான் யார்? கிருபா டிபன் பாக்ஸைப் பட்டென்று மூடினாள். இன்றைக்கு இவளை விடக் கூடாது என்று தீர்மானித்தது அப்போதுதான்.

வழியும் உடனே தோன்றிவிட்டது. ஒன்றும் செய்ய வேண்டாம். வீட்டுப் பேச்சில் திடீரென்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். தூக்கத்தில் எழுப்பினாலும் நிரோஜா வீட்டுப் பேச்சில்தான் பதில் சொல்வாள். சாயங்காலம் மடி பார்க்க அவள் இடுப்பில் கை வைப்பாளே, அந்தப் பதற்றத்தில் அவள் வாயிலிருந்து ஒரு 'ஓம்' விழுந்தாலே தீர்ந்தது. சிலமலையில் எவளும் ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்று சொல்ல மாட்டாள். ஜெயபாக்கியம் பக்கத்திலேயே நிற்பாள். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

இதை நினைத்ததும் கிருபாவுக்கு ஒரு திருப்தி வந்தது. தப்பு என்று தோன்றவில்லையா என்று கேட்கிறீர்களா? தோன்றியது. சம்பல் வாடை ஆகாது என்ற குரல் காதில் விழுந்துகொண்டே இருந்ததால் அது நிலைக்கவில்லை.

சாயங்காலம் வாசலில் வரிசை நின்றது. ஜெயபாக்கியம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ரோஜா முறத்தை மாரோடு அணைத்தபடி ஓரமாக நின்றாள். ஒவ்வொருத்தியாக உதறினார்கள். சந்திரவல்லியின் மடியிலிருந்து நாலைந்து காய் பொலபொலவென்று விழுந்தது.

"அடி ஆத்தே! நான் காய்ச்சுத் தொங்குறேன் போல" என்றாள் சந்திரவல்லி. ஜெயபாக்கியமே சிரித்துவிட்டாள்.

கடைசியாகக் கிருபா.

அவள் உதறினாள். ஒன்றும் விழவில்லை. ரோஜா, "சரி, போங்க" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"அவளுக்கு அப்புடி இல்ல புள்ள" என்றாள் ஜெயபாக்கியம். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. அடுப்பை அணைத்தாயா என்று கேட்பது போலச் சொன்னாள். "குருவம்மா கைய விட்டுத்தான் பாப்பா. முகாம் ஆளு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்ம தலையில விடியும்."

ரோஜா முறத்தைக் கீழே வைத்தாள். அக்காவின் இடுப்பில் கை வைத்தாள். கை சில்லென்று இருந்தது. சின்ன வயதில் மழை இடிக்குப் பயந்து இதே கைதான் இதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. கிருபா அதை நினைக்க விரும்பவில்லை. நினைத்தால் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது.

"கெதியாப் பாத்து முடி பிள்ளை. பஸ் போயிடும், என்ன?" என்றாள், வீட்டில் பேசுகிற அதே குரலில்.

ஒரு கணம் கை நின்றது. சொல்லு. ஓம் அக்கா என்று சொல்லு.

"வெரசாத்தான் பாக்குறேன்" என்றாள் ரோஜா. "கையத் தூக்குங்க."

ஒரு பிசிறு இல்லை. சிலமலையில் ஏழு தலைமுறையாக இருக்கிறவள் மாதிரி சொன்னாள். சொல்லிக்கொண்டே விரலைக் கொசுவத்துக்குள் விட்டவள், அங்கே ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காயை எடுத்தாள். ஒரே ஒரு காய். அதைத் தன் உள்ளங்கையில் மறைத்திருக்கலாம். நழுவ விட்டிருக்கலாம். தரையில்தான் எத்தனையோ கிடந்தனவே.

அவள் அதை ஜெயபாக்கியத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"ஒரு காய் இருந்துச்சும்மா."

சந்திரவல்லிக்கு நாலைந்து விழுந்தபோது சிரித்த அதே பெண்கள், இப்போது ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். "நெனச்சேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "என்னைக்கிருந்தாலும் அதுக புத்தி…"

கிருபாவுக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது போலிருந்தது.

"நிரோஜா!"

கத்திவிட்டாள். தங்கைக்கு வைத்த பொறியில் தன் வாயே விழும் என்று அவள் நினைக்கவில்லை.

ஜெயபாக்கியம் நாற்காலியை விட்டு எழுந்தாள். "என்னது? யாரக் கூப்புட்ட?"

கிருபா தங்கையைப் பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக நிரோஜாவும் கடைக்குள் வைத்து அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. கண்ணில் அந்தக் கொலு வீட்டு வாசலில் நின்ற பிள்ளை அப்படியே நின்றாள். இன்னும் ஒரே ஒரு வார்த்தை போதும். இவள் என் தங்கை. அவ்வளவுதான். இடுப்பைத் தடவுகிற கை நாளையிலிருந்து இவள் இடுப்பையும் தடவும். இவளும் என்னோடு பஸ் ஏறுவாள். இருவருக்கும் புட்டுதான். கிருபா அதற்கு எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பதைச் சொன்னால் உங்களுக்கு அவளைப் பிடிக்காமல் போய்விடும்.

"கேக்குறேன்ல? யாரு நிரோஜா?"

"என்ர தங்கச்சி."

"ஒனக்குத் தங்கச்சி இருக்காளா? சொல்லவே இல்லையே. எங்க இருக்கா?"

நிரோஜாவின் விரலிடுக்கிலிருந்த காய் கீழே விழுந்தது.

"செத்துப் போயிட்டாள்" என்றாள் கிருபா.

அதைச் சொன்னது தங்கையைக் காப்பாற்றவா, வெட்டிப் போடவா என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. இரண்டுமாகத்தான் இருக்கும்.

"எப்புடித்தா?"

"கடல்ல. நாங்க வரேக்க. கைக்குழந்தை. இருந்திருந்தா…" பொய்க்குக்கூட அழுகை வரும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. "இருந்திருந்தா இந்தப் பிள்ளையின்ர வயசு. இவ கைய வைக்கவும் அவட பேர் வந்திட்டுது. மன்னிச்சிடுங்கோம்மா."

"இயேசப்பா!" ஜெயபாக்கியம் மார்பில் கை வைத்துக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஆறு வருசமா இங்ஙன இருக்க. ஒரு வார்த்த சொன்னியா? ஏட்டி, அந்தக் காயத் தூக்கி அங்ஙன போடுங்க. ஒரு காய்க்குப் போயி!"

சந்திரவல்லி ஓடி வந்து கிருபாவைக் கட்டிக்கொண்டாள். "அடியே சிலோனு, எங்கிட்டயாச்சும் சொல்லக் கூடாதா? நான் பாவி, ஒன்னய என்னென்ன பேசிட்டேன்." அவளும் அழுதாள். இரண்டு மூன்று பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். 'நெனச்சேன்' என்று சொன்ன குரல் இப்போது, "பெத்தவ எப்புடித் தாங்குனாளோ" என்றது.

ஆறு வருஷத்தில் யாரும் கிருபாவைத் தொட்டு ஆறுதல் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறார்கள். அதுவும் அவளுக்காகவா? செத்துப்போன தங்கைக்காக! செத்தும் அவளுக்குத்தான் எல்லோரும் அழுகிறார்கள் என்று கிருபாவுக்கு அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது.

ரோஜா மட்டும் அழவில்லை. முறத்தை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரோடு நின்றாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம" என்றாள் ஜெயபாக்கியம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஆராதன முடியவும் நான் ஒங்க வீட்டுக்கு வர்றேன். ஒங்க அம்மாவப் பாத்து, கையப் புடிச்சு ஒரு ஜெபம் பண்ணணும். இத்தன வருசம் அந்த மனசு என்ன பாடு பட்டிருக்கும்!"

"வேண்டாம்மா" என்றாள் கிருபா, பதறிப்போய். "அங்க நீங்க வந்து…"

"சும்மா இரு. முகாம்னா நான் வரக் கூடாதா? ரோஜா, நீயும் என்கூட வா புள்ள. மகள் வயசுப் புள்ள ஒண்ணு பக்கத்துல ஒக்காந்தா அந்த அம்மாவுக்கு ஆறுதலா இருக்கும்."

ரோஜா தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள், பாவம்.

கிருபா வீட்டுக்கு வந்து தாயிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கெதியா என்று சொன்னதையும் மறைக்கவில்லை. தவமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். 'செத்துப் போயிட்டாள்' என்ற இடம் வந்ததும் கை நின்றது. மறுபடி ஆய்ந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் வயல் வழியாக நிரோஜா வந்தாள். குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். சண்டைக்கு வருவாள் என்று கிருபா தயாராக இருந்தாள். ஏன் காயை நீட்டினாய், ஏன் சம்பல் வாடை என்றாய், அம்மா தனியாக இருக்கிறாள் என்றாயே என்று கேட்கக் கேள்விகளை அடுக்கி வைத்திருந்தாள்.

நிரோஜா சண்டை போடவில்லை. பரண்மேல் இருந்த பையை இறக்கி, தன் உடுப்புகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

"என்னடி செய்யுறாய்?" என்றாள் கிருபா.

"அந்தம்மாட்ட மாடி ரூமுக்கு வாறனெண்டு சொல்லிப்போட்டன். இப்பவே வரச் சொன்னவ. பஸ் இருக்கு."

"அம்மா தனியா எண்டாய்?"

"நீதான் இருக்கிறியே." நிரோஜா தலையை நிமிர்த்தவில்லை. "நான் செத்தவள் எண்டு சொன்னாய். செத்தவளுக்கு இஞ்ச என்ன வேலை? மாதா மாதம் ஆள் எண்ணுற முகாம் செக்கிங்குக்கு வந்து நிக்கிறன். மற்ற நாளில நான் ரோஜாதான். நீ நல்லதுதானக்கா செய்தனி. எனக்கு இந்த யோசனை வந்திருக்காது."

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சொன்னாள். அதுதான் கிருபாவைச் சுட்டது. இழுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள நினைத்த தங்கைக்கு, தானே கதவைத் திறந்து விட்டிருக்கிறாள். இனி பாயில் படுத்துக்கொண்டு மலைக் கதை சொல்லக்கூட ஆள் கிடையாது.

"நாளைக்கு அந்தம்மாவோட இஞ்ச வரோணுமே" என்றாள் கிருபா. "லைன் வீடுகளில ஒரு சின்னப் பிள்ளை நிரோஜா அக்கா எண்டு ஓடி வந்தாப் போதும்."

"அதுதான் எனக்கும் பயம்." நிரோஜா கடைசியாக ஒரு சுடிதாரை அடக்கி, பையின் ஜிப்பை இழுத்தாள். பிறகு தாயின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளை மாதிரி அவளுடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, லைன் முழுக்கச் சொல்லி வையுங்கோ. நாளைக்கு அந்தம்மா உங்கட கையைப் பிடிச்சு ஜெபம் பண்ணேக்க… கொஞ்சம் அழுவீங்களோ? அழாட்டி அவ நம்ப மாட்டா."

தவமணி கீரைத் தட்டை நகர்த்தினாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கினாள். படகில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை அசைகிறதா அசைகிறதா என்று கரை சேரும் வரை தொட்டுப் பார்த்தவள் அவள். அவளிடம்தான் இப்படிக் கேட்கிறாள்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு நான் எப்பிடியடி அழுவன்? அழுறதெண்டாலும் எந்தப் பேரைச் சொல்லி அழ? நிரோஜா எண்டோ, ரோஜா எண்டோ?"

தவமணி மெல்ல எழுந்தாள். மூத்தவள் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நீதானே பிள்ளை சாகடிச்சனி. நாளைக்கு நீயே இருந்து அழு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிரோஜா வாசலைத் தாண்டினாள். கிருபாவுக்கு அழுகை நாளை வரை பொறுக்கவில்லை. அப்போதே வந்துவிட்டது.